ஏழாம் நம்பர் முளை

ஆற்றோரம் வண்டிவீடுகளை நிறுத்தித் தங்கும் மல்லட் முனை கேரவன் பூங்காவில் அன்று காலை வெள்ள எச்சரிக்கையைக் கேட்டுக் கிளம்பியவர்கள் இரண்டே பேர். இருவரும் ஜெர்மன்காரர்கள். வாடகை வேனில் முந்தின நாள் மாலைதான் வந்து இறங்கியிருந்தார்கள். எட்டரை மணிக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. எட்டு நாற்பதுக்கு அவர்கள் வேன் வாசலைத் தாண்டிவிட்டது. அந்தப் பத்து நிமிடத்தில் பொது அடுப்பைத் துடைத்து வைக்கவும் அவர்களுக்கு நேரம் இருந்தது.

மீதி நாற்பத்தாறு கேரவன்களும் அசையவில்லை.

எனக்கு அது புரியவில்லை. ஒரே ஒரு ராத்திரி இந்த ஆற்றைப் பார்த்தவன் ஓடுகிறான். முப்பது வருடமாகப் பார்த்தவன் இன்னொரு கப் டீ போடுகிறான். ஏன்? என் கல்லூரியில் ஆபத்தும் மனித நடத்தையும் என்று இதற்கு ஒரு பாடமே உண்டு. போன வருடம் அதில் நான் ஐம்பத்தொன்று வாங்கினேன். நிபுணன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பாஸ் என்று சொல்லிக்கொள்ளலாம்.

என் பெயர் ஹேமிஷ். நானும் அம்மா ஜசிந்தாவும் பதினாறு வருடமாகக் கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள் இங்கே வந்து, ஜனவரி கடைசியில் ஊர் திரும்புகிறோம். எங்கள் மனை நம்பர் நாற்பத்து மூன்று. நான்காவது வரிசை, அதாவது கடைசி வரிசை. கழிப்பறைக் கட்டடத்தை ஒட்டி. நள்ளிரவில் யார் எத்தனை தடவை போகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். கேட்காமலே தெரியும்.

முதல் வரிசை வேறு உலகம். ஆற்றங்கரையில் பதினாலு மனைகள். கேரவன் கதவைத் திறந்தால் நேரே தண்ணீர், நாரை, மீன் துள்ளும் சத்தம். ஒவ்வொரு மனையின் தலைமாட்டிலும் ஒரு மரமுளை. வெள்ளை அடித்து, கறுப்பில் எண் எழுதியது. முதல் வரிசையில் இடம் வேண்டுமென்றால் அலுவலக ஆணியில் தொங்கும் பட்டியலில் பெயர் எழுத வேண்டும். அம்மா எழுதிப் பதினோரு வருடம் ஆகிறது. போன குளிர்காலத்தில் அவளுக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவர் காலமானார். அம்மா பட்டியலில் முதலிடத்துக்கு வந்தாள். அவர் வீட்டுக்குப் பூ அனுப்பினாள். நல்ல பூவாகவே அனுப்பினாள்.

பூங்காவில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. விடுமுறை முடிவதற்குள் எவன் கேரவனைக் காரின் இழுவைக் கொக்கியில் மாட்டுகிறானோ, அவன் மனையைக் கைவிட்டான் என்று அர்த்தம். நான் பிறப்பதற்கு முன்னால் டிரெவர் என்பவர் பல்வலிக்காக ஒரே ஒரு ராத்திரி வண்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனாராம். பல்லைப் பிடுங்கிவிட்டு வந்து பார்த்தால் அவர் மனையில் கான்பெர்ராவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று கறி சுட்டுக்கொண்டிருந்ததாம். டிரெவரை நான் பார்த்ததில்லை. அந்தப் பல்லைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும்.

ஒன்பது மணிக்கு கிளெனிஸ் கேரவனை ஒட்டிய எங்கள் கூடார வாசலில் வந்து நின்றாள். பூங்காவின் மேலாளர். மழைக்கோட்டு, அரைக்கால்சட்டை, ரப்பர் செருப்பு. கேக் விற்பனை அறிவிக்கும் அதே குரலில்தான் வெள்ளத்தையும் அறிவித்திருந்தாள். பாதிப் பேர் கேக் என்றே நினைத்திருக்கலாம்.

"ஹேமிஷ், உனக்கு வாய் நல்லா வேலை செய்யும்ல? முதல் வரிசைக்குப் போ. ஒவ்வொரு கதவா தட்டு. நான் மத்த மூணு வரிசையையும் பாத்துக்கறேன்."

"நானா? கடைசி வரிசைக்காரன் போய் முதல் வரிசைய காலி பண்ணச் சொன்னா எப்படி இருக்கும்?"

"கேவலமாத்தான் இருக்கும். வேற ஆள் இல்ல." அவள் கைபேசியைக் காட்டினாள். "மேல மலையில ரெண்டு நாளா கொட்டுது. மேல்பாலத்து அளவுகோல் காலைல இருந்து ஒன்றரை மீட்டர் ஏறியிருக்கு. சாயங்காலத்துக்குள்ள இங்க உன் கழுத்து வரைக்கும் தண்ணி நிக்கும். ஆனா அது இல்ல விஷயம். ரெண்டு மணிக்கு ரோட்டுப் பள்ளத்துல தண்ணி ஏறிடும். ஏறினப்புறம் ஒருத்தரும் வண்டிய விடக் கூடாது. கணுக்கால் அளவுதானேன்னு சொல்லிக்கிட்டும் விடக் கூடாது. கீழ ரோடு இருக்கா போயிடுச்சான்னே தெரியாது."

பூங்காவிலிருந்து நகரத்துக்கு ஒரே சாலை. நடுவே அந்தப் பள்ளம். அதைத் தாண்டி ஐந்து கிலோமீட்டரில் மேட்டின்மேல் கண்காட்சித் திடல். அங்கேதான் எல்லோரும் போய்ச் சேர வேண்டும். ஒரு கேரவனைக் கழற்றிக் கொக்கியில் மாட்ட ஒன்றரை மணி நேரமாவது ஆகும். எப்படிக் கணக்குப் போட்டாலும் பன்னிரண்டு மணிக்குள் எல்லோரும் வேலையை ஆரம்பித்தால்தான் உண்டு.

"ஏன் ஒருத்தரும் கிளம்பல?" என்று கேட்டேன். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை.

"அத நீயே கேட்டுச் சொல்லு. பதினெட்டு வருஷமா நான் மண்டைய உடைச்சுக்கறேன்."

நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

ஒன்றாம் எண்ணில் கதவு கால்வாசிதான் திறந்தது. "ஏழாம் நம்பர் மெர்வ் கிளம்பிட்டாரா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். "அப்போ பாக்கலாம்." கதவு மூடியது. மூன்றாம் எண்ணில், "போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க, புல்லுகூட நனையல. மெர்வ் என்ன சொல்றாரு?" ஐந்தாம் எண்ணில் ஓர் அப்பா ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க வரிசைல எத்தன பேரு கிளம்பியிருக்காங்க?"

"யாரும் இல்ல."

"ஏன்?"

நல்ல கேள்வி. திரும்பி ஓடிப்போய் எங்கள் வரிசையில் கேட்டேன். நாற்பத்தோராம் எண்காரர் ஒளிக்காமல் சொன்னார்: "முன்னாடி காலியாகும்போது நாம இங்க இல்லாம போயிட்டா?"

ஆக, முன்வரிசை கிளம்பாததற்குக் காரணம் பின்வரிசை காத்திருப்பது. பின்வரிசை கிளம்பாததற்குக் காரணம் முன்வரிசை கிளம்பக்கூடும் என்பது. நடுவே இரண்டு வரிசைகள் இருபுறமும் பார்த்துக்கொண்டு டீ குடித்தன. நோட்டுப் புத்தகத்தில் இதை எழுதி அடிக்கோடிட்டேன். அழகான கண்டுபிடிப்பு. தண்ணீர் அதற்குள் படகுத்துறையின் மூன்றாவது படிக்கு வந்திருந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கழிப்பறைக் கதவுகளின் உட்பக்கம் கிளெனிஸ் ஒரு மஞ்சள் தாளை ஒட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறாள். வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று ஒன்பது வரிகள். கடைசி வரிசைக்காரர்களுக்கு அது மனப்பாடம். உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே இருக்கும். ஜெர்மன்காரர்களும் வந்த அன்றே அங்கே போயிருப்பார்கள். ஆனால் முதல் வரிசைக்காரர்கள் எல்லோரும் கேரவனுக்குள்ளேயே சொந்தமாகச் சின்னக் கழிப்பறை வைத்திருப்பவர்கள். பொதுக் கட்டடத்துக்கு வருவது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். எனவே யாருக்கு முதலில் தண்ணீர் வருமோ, அவர்கள் யாரும் அந்தத் தாளைப் படித்ததே இல்லை.

ஏழாம் எண்ணுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தேமுக்கால்.

மெர்வ் டிரான்டர் எழுபத்து மூன்று வயது, ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். முப்பத்தொரு வருடமாக ஏழாம் எண். கேரவனைச் சுற்றி மரத்தளம், ஒட்டுக் கூடாரம், தக்காளித் தொட்டிகள், கொடிக்கம்பம், அதில் அவருடைய கால்பந்து அணியின் கொடி. கேரவனுக்குச் சக்கரம் உண்டு என்பதே பலருக்கு மறந்திருக்கும். அவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காதில் ரேடியோ கம்பியோடு சிட்னி கிரிக்கெட் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி லோர்னா கூடாரத்துக்குள் எதையோ மடித்துக்கொண்டிருந்தாள்.

"வா காலேஜ்," என்றார் மெர்வ். "ஆட்டம் நின்னுடுச்சு. மழையாம். ஒரு தூறலுக்கு ஓடிட்டானுங்க. எங்க காலத்துல..."

"மெர்வ், இங்கயும் மழைதான். கிளம்பணும். ரெண்டு மணிக்குப் பள்ளம் மூடிடும்."

"யாரு சொன்னா?"

"மேல்பாலத்து அளவுகோல்."

"அத யாரு பாத்தா?"

"கிளெனிஸ் போன்ல பாத்தாங்க."

"போன்ல." அவர் ஆற்றைப் பார்த்தார். சாக்லேட் நிறத்தில் ஓடியது. முழு மரம் ஒன்று வேரோடு, அவசரமில்லாமல், கடலை நோக்கிப் போனது. "இத விட மோசமா பாத்திருக்கேன்."

"எப்போ?"

அவர் யோசித்தார். "இத மாதிரி பாத்திருக்கேன்."

"அப்போ என்ன பண்ணீங்க?"

"உக்காந்திருந்தேன். தண்ணி அந்தப் படி வரைக்கும் வந்துச்சு, போயிடுச்சு."

"எந்தப் படி?"

அவர் விரலை நீட்டினார். அந்தப் படி இப்போது இல்லை. அதற்கு மேலே இருந்த படியும் இல்லை. விரலை மெதுவாக மடக்கிக்கொண்டார். பிறகு என்னை வேறு விதமாகப் பார்த்தார்.

"இரு இரு. உங்கம்மாதான பட்டியல்ல முதல் ஆளு?"

"ஆமா."

"உன்ன அனுப்பி வச்சிருக்கா."

"கிளெனிஸ் அனுப்பினாங்க."

"கடைசி வரிசைக்காரன், கைல நோட்டு, முதல் வரிசைய எண்ணிக்கிட்டு வர்றான். முப்பத்தஞ்சு வருஷம் ரயில் ஓட்டினவன்டா நான். எதிர்ல வர்ற விளக்கு எனக்குத் தெரியும்."

வெளியிலிருந்து பார்த்தால் எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது.

"மெர்வ், நீங்க கிளம்பலன்னா இந்த வரிசைல ஒருத்தரும் கிளம்ப மாட்டாங்க. பதினாலு கேரவன். குழந்தைங்க இருக்கு."

"நான் யாரையும் பிடிச்சு வைக்கல."

கூடாரத்துக்குள்ளிருந்து லோர்னாவின் குரல் வந்தது. "நாலாவது வரி, கேஸ் சிலிண்டர மூடு, கழட்டு, கட்டிப் போடு, இல்லன்னா மிதந்து போய் இடிக்கும். அஞ்சாவது வரி, ஒட்டுக் கூடாரத்த விட்டுடு, துணி போனா போகட்டும். ஆறாவது, கேரவன் மிதக்கும், உள்ள இருந்தா நீயும் மிதப்ப."

நான் திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் தாள், எழுத்துப் பிசகாமல். முதல் வரிசையில் ஒருவருக்கு அது மனப்பாடம். எப்படி என்று கேட்கத் தோன்றியது. அதற்குள் அம்மா வந்துவிட்டாள்.

தலையில் பாத்திரம் துடைக்கும் துணியைப் போட்டுக்கொண்டு சேற்றில் வேகமாக வந்தாள். அவள் நல்ல எண்ணத்தோடு வந்தாள் என்பதற்கு நான் சாட்சி. ஆனால் நின்ற இடம் சரியில்லை. ஏழாம் மனையின் சரியாக நடுவில் வந்து நின்று, இடுப்பில் கை வைத்துச் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"பாரு, மனை பாக்க வந்துட்டா!" என்றார் மெர்வ். "எங்க சோபா போடறதுன்னு பாக்கறியா?"

"உன்ன பாக்க வந்தேன், பெரிய மனுஷா! அடுப்புல முட்டைய அப்படியே விட்டுட்டு வந்திருக்கேன். நீ மிதக்கறத நான் பாக்கணுமா?"

"பதினோரு வருஷமா அதுக்குத்தான காத்திருக்க?"

அம்மாவுக்கு முகம் சிவந்தது. என் நோட்டைப் பிடுங்கினாள். 'ஏழாம் எண் எனக்கு வேண்டாம். ஜசிந்தா பர்க்கெட்' என்று எழுதி, தாளைக் கிழித்து அவர் கையில் திணித்தாள். மழையில் எழுத்து நீலமாகக் கரைந்து அவர் மணிக்கட்டில் ஒழுகியது.

மெர்வ் தாளைத் தூக்கிப் பார்த்தார். "மையே நிக்கல. வாக்கு எப்படி நிக்கும்?"

மணி பதினொன்றரை. வரிசை முழுக்கக் கதவுகள் கால்வாசி திறந்திருந்தன. பதிமூன்று இடுக்குகளிலிருந்து பதிமூன்று குடும்பங்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. படகுத்துறை மறைந்துவிட்டது. ஆறு இப்போது புல்லுக்குச் சமமாக, நிரம்பிய கிண்ணம் மாதிரி விளிம்பில் நின்றது. எனக்கு முதல் தடவையாக உண்மையான பயம் வந்தது. பயம் வந்தால் நான் கேள்வி கேட்பேன். பரீட்சையில் பதில் எழுத வேண்டிய இடத்திலும் இதையேதான் செய்தேன்.

"மெர்வ், ஒண்ணே ஒண்ணு. ஏழுன்னா எது? புல்லா? மண்ணா? இந்தத் தளமா? நாளைக்கு வந்து இது என்னோடதுன்னு சொல்றதுக்கு எதக் காட்டுவீங்க?"

"இது என்ன கேள்வி? எல்லாருக்கும் தெரியும், இது ஏழு."

"எப்படித் தெரியும்?"

"எழுதியிருக்கில்ல!" என்று முளையைக் காட்டினார்.

மூவருமே முளையைப் பார்த்தோம். முழங்கால் உயரம். வெள்ளை. கிளெனிஸின் கையெழுத்தில் கோணலான ஏழு.

லோர்னா கூடாரத்திலிருந்து வெளியே வந்தாள். கையில் கூடார ஆணி அடிக்கும் ரப்பர் சுத்தியல். மழையில் மண்டியிட்டு முளையை இந்தப் பக்கம் ஓர் அடி, அந்தப் பக்கம் ஓர் அடி அடித்தாள். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். ஊறிய மண் சளக்கென்று விட்டுக்கொடுத்தது. சேற்றைப் பாவாடையில் துடைத்தாள். நடந்துபோய்க் காரின் முன்சீட்டில் முளையை வைத்து, அதன்மேல் சீட்பெல்ட்டை மாட்டினாள்.

"ஏழு வண்டில இருக்கு, மெர்வ்," என்றாள். "நான் அது கூடப் போறேன். நீ வேணும்னா இந்தப் புல்லோட இரு."

மெர்வின் காதிலிருந்து ரேடியோ கம்பி கழன்று விழுந்தது. காரையும் முளை பிடுங்கிய குழியையும் மாறி மாறிப் பார்த்தார். குழிக்குள் பழுப்புத் தண்ணீர் கீழிருந்து ஊறி ஏறிக்கொண்டிருந்தது.

"அது செல்லுமா?" என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார்.

நான் அலுவலகத்துக்கு ஓடினேன். இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன். கிளெனிஸிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு ஒலிபெருக்கியை எடுத்தாள். இந்த முறை அது கேக் குரல் இல்லை.

"எல்லாரும் கேளுங்க. முளை யார் கைல இருக்கோ, மனை அவங்களுது. தண்ணி வடிஞ்சு திரும்பி வர்ற வரைக்கும் அதான் சட்டம். முளைய விட்டுட்டுப் போறவன், இல்ல மனைல உக்காந்திருக்கறவன், எவனுக்கும் மனை கிடையாது. முளையோட திடலுக்கு வந்து சேரணும். முடிஞ்சுது!"

பூங்கா முழுக்கச் சுத்தியல் சத்தம்.

நாற்பத்தாறு முளைகளும் இருபது நிமிடத்தில் பிடுங்கப்பட்டன. ஐந்தாம் எண்காரர் வெண்ணெய்க் கத்தியோடு வந்து மண்ணைக் கிளறினார். பதினோராம் எண்ணில் முளை பாதியில் முறிந்தது. அடிப்பாதியைத் தோண்டியெடுக்கும்வரை அந்த ஆள் நகரவில்லை. கேஸ் சிலிண்டர்கள் மூடப்பட்டன, மின்கம்பிகள் கழற்றப்பட்டன, நாய்கள் எண்ணப்பட்டன. ஒட்டுக் கூடாரங்கள் அப்படியே நின்றன. மெர்வ் தன் கேரவன் சக்கரங்களைச் சுற்றியிருந்த தக்காளித் தொட்டிகளைக் காலால் தள்ளினார். டயர் ஒன்று காற்றில்லாமல் சப்பையாகியிருந்தது. பம்ப் கொண்டுவந்தது என் அம்மா. மிதித்ததும் அவள்தான். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. "இன்னும்" என்றார் அவர், அவள் மிதித்தாள்.

ஒரு மணி பத்துக்கு முதல் வண்டி நகர்ந்தது. வரிசையாகப் போனோம், மிக மெதுவாக. பள்ளத்தில் சாலையின் இரு ஓரமும் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. நடுவில் தார் இன்னும் கறுப்பாகத் தெரிந்தது. ஆரஞ்சு உடுப்பில் மீட்புத் தொண்டர் பெண் ஒருத்தி கையில் 'சாலை மூடப்பட்டது' பலகையோடு நின்று ஒவ்வொரு வண்டியையும் எண்ணி விட்டாள். கடைசி இரண்டு வண்டிகள் எங்களுடையதும் கிளெனிஸுடையதும். தாண்டும்போது ஒன்று ஐம்பத்திரண்டு. மறுபக்கம் ஏறியதும் பதினோராம் எண்காரர் காரை ஓரம்கட்டி இறங்கி ஓடிவந்தார்.

"தூண்டில மறந்துட்டேன்! ரெண்டே நிமிஷம்!"

தொண்டர் பெண் பலகையை நட்டாள். "மீனெல்லாம் உங்க மனைக்கே வந்துட்டு இருக்கு, சார். தூண்டில் எதுக்கு?"

அவர் தண்ணீரைப் பார்த்தார். நடுவில் தெரிந்த கறுப்புத் தார் இப்போது தெரியவில்லை. திரும்பிப் போய்க் காரில் உட்கார்ந்தார்.

திடலில் நடந்ததை நேரில் பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள். மாட்டுக் கண்காட்சி நடக்கும் அந்தப் புல்வெளியில் அவரவர் இஷ்டத்துக்கு நிற்கலாம், எட்டு ஏக்கர். ஆனால் எல்லோரும் முளைகளோடு இறங்கி, எண் வரிசைப்படி நான்கு வரிசையாக நட்டார்கள். ஆறுக்குப் பக்கத்தில் ஏழு, ஏழுக்குப் பக்கத்தில் எட்டு என்று அண்டைவீட்டார் மாறாமல். முதல் வரிசை ஆறு இருக்கும் திசையைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்று மெர்வ் வாதாடி வென்றார். ஆற்றின் திசை என்றால் சரிவின் அடி. அங்கே சேறு. கடைசி வரிசை வழக்கம்போல் கழிப்பறையை ஒட்டி. திடலின் கழிப்பறைக்குச் சிமெண்ட் தரை, சுடுதண்ணீர், பெரிய கூரை. பதினாறு வருடத்தில் முதல் தடவையாக எங்களுக்கு நல்ல மனை கிடைத்தது.

நான்கு நாள் அங்கே இருந்தோம். மெர்வ் ராத்திரி முளையைப் பிடுங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார் என்று லோர்னா சொன்னாள்.

ஐந்தாம் நாள் பள்ளம் திறந்தது. நடந்து போய்ப் பார்க்க மட்டும் அனுமதி. கிளெனிஸ், மெர்வ், லோர்னா, அம்மா, நான். மெர்வ் தோளில் முளை.

பூங்கா முழுக்க முழங்கால் அளவு சேறு, அழுகிய நாற்றம். வேலியில் ஒட்டுக் கூடாரங்கள் கிழிந்து தொங்கின. கழிப்பறைக் கட்டடத்தின் சுவரில் கூரைக்கு ஒரு முழம் கீழே பழுப்புக் கோடு. முதல் வரிசை அதைவிடத் தாழ்ந்த இடம்.

மெர்வ் பெரிய அத்திமரத்திலிருந்து எண்ணிக்கொண்டு நடந்தார். ஏழாம் மனை அத்தியிலிருந்து இருபத்து நாலு தப்படி. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. இருபத்தொன்றில் நின்றார். அதற்கு மேல் மண் இல்லை. கரை, கத்தியால் வெட்டிய கேக் மாதிரி செங்குத்தாக இறங்கியது. கீழே ஆறு, ஒன்றும் தெரியாததுபோல் சின்னதாக ஓடிக்கொண்டிருந்தது. நான்கு முதல் பத்து வரை மனைகள் கடலுக்குப் போய்விட்டிருந்தன. மரத்தளம், கொடிக்கம்பம், தக்காளி எல்லாம்.

மெர்வ் முளையைக் கையில் பிடித்தபடி மனை இருந்த இடத்து வெறுங்காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நட இடம் இல்லை. கிண்டலடிக்க என் வாயில் நாலு வாக்கியம் வந்தது. நாலையும் விழுங்கினேன்.

"நான் போகலன்னா..." என்று ஆரம்பித்தார்.

"நீ எங்கயாவது பசிபிக்ல மீன் பிடிச்சிட்டு இருப்ப," என்றாள் அம்மா. ஆனால் மெதுவாகத்தான் சொன்னாள், அவர் முழங்கையைப் பிடித்துக் கரையிலிருந்து இரண்டு தப்படி பின்னால் இழுத்தபடி.

கிளெனிஸ் தொண்டையைச் செருமினாள். "சட்டம் சட்டம்தான் மெர்வ். முளை உன் கைல இருக்கு. எங்க நடறியோ அது ஏழு. பதினொண்ணுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் இடம் இருக்கு, ஆத்தப் பாத்த மாதிரி..."

லோர்னா அவர் கையிலிருந்து முளையை வாங்கினாள். யாரையும் கேட்காமல் சேற்றில் திரும்பி நடந்தாள். இரண்டாம் வரிசையைத் தாண்டினாள். மூன்றாம் வரிசையைத் தாண்டினாள். நாற்பத்து மூன்றுக்கும் கழிப்பறைச் சுவருக்கும் நடுவே முன்பு துணி காயப்போடும் கம்பி இருந்த வெற்றிடத்தில் போய் நின்று, முளையைக் குத்தி, ஒரு கல்லை எடுத்து நாலு அடி அடித்தாள்.

மெர்வ் பின்னாலேயே ஓடிவந்தார். "இங்கயா? கக்கூஸ் பக்கத்துலயா?"

"இருநூத்தி எட்டு தப்படி, மெர்வ். நம்ம கதவுல இருந்து இந்தக் கதவுக்கு. முப்பத்தொரு வருஷமா எண்ணியிருக்கேன். மழைல, இருட்டுல, முழங்கால் வலியோட."

"நம்ம கேரவன்லதான் ஒண்ணு இருக்கே!"

"இருக்கு. படுக்கையில இருந்து ஒரு துணித்திரை தள்ளி. நீ அந்தப் பக்கம் உக்காந்து என்கிட்ட கிரிக்கெட் ஸ்கோர் சொல்லுவ."

மெர்வ் சுவரைப் பார்த்தார், கிளெனிஸைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "ஏன் ஒரு தடவைகூடச் சொல்லல?"

"யாரும் கேக்கல. இதோ இந்தக் காலேஜ் நோட்டோட வந்து உலகத்துல இருக்கற எல்லாத்தையும் கேட்டுச்சு. இத கேக்கல."

அது உண்மை. நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்.

ஈஸ்டருக்குப் பூங்கா மறுபடி திறந்தது. பட்டியலை ஆணியிலிருந்து கிளெனிஸ் எடுத்துவிட்டாள். வெள்ளத்தில் அதுவும் கூழாகிவிட்டிருந்தது. மிச்சமிருந்த முதல் வரிசையில் இரண்டாம் எண்காரர்கள் திரும்பி வரவில்லை. அந்த மனை வேண்டுமா என்று கிளெனிஸ் கேட்டபோது, அம்மா கரையின் வெட்டு விளிம்பு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இன்னும் யோசிக்கிறாள்.

டிரான்டர் தம்பதி எங்களுக்குப் பக்கத்து வீடு. மெர்வ் முதல் நாள் முழுக்க அந்தக் கட்டடத்தைப் பார்க்காத மாதிரியே உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு விறைப்பாக உள்ளே போனார். நெடுநேரம் வரவில்லை. வெளியே வந்தவர் எங்கள் கூடார வாசலில் நின்றார்.

"காலேஜ். அந்தக் கதவுக்குப் பின்னாடி ஒரு மஞ்சத் தாளு ஒட்டியிருக்குதே. பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன்."

"எப்ப ஒட்டினது அது?"

"பதினெட்டு வருஷம் ஆச்சு."

மெர்வ் தலையை ஆட்டிக்கொண்டார். "நல்லாத்தான் எழுதியிருக்காங்க," என்றார். "அஞ்சாவது வரி வரைக்கும் வந்திருக்கேன்."